திண்ணைச் சதுரங்கத்தில் காய்வைப்பு: ஓர் ஆராய்ச்சி

சதுரங்கத்தில் தாக்குதல் தொடங்குமுன் காய்களைப் பொறுமையாக உரிய இடங்களில் அமர்த்திக்கொள்ளும் கலைக்குத் தமிழில் இதுகாறும் தனியொரு சாஸ்திரம் எழுதப்படாதிருப்பது நம் வித்வத் உலகத்துக்குப் பெரும் இழுக்காகும். அவ்விழுக்கைத் துடைக்கும் பொருட்டு, தென்னேரியில் ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் பல சாயங்காலங்கள் சம்மணமிட்டு அமர்ந்து, கொடுத்த காபி ஆறி ஆடை படியும்வரை அசையாதிருந்து யான் திரட்டிய முடிபுகளை ஈண்டு வெளியிடத் துணிகின்றேன்.

முதற்கண் ஊர்ப்பெயர். திரையன் ஏரி என்பதே மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். இதற்கும் சதுரங்கத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பெயராராய்ச்சி இல்லாத கட்டுரையை எந்தச் சபையும் ஏற்பதில்லையாதலின் சேர்த்துள்ளேன்.

காய்வைப்பு ஐவகைப்படும். சிப்பாய் வைப்பு எளிது. குதிரை வைப்பு கோணலானது. ராணி வைப்பைப் பிறகு பார்ப்போம். மந்திரி வைப்புக்கு உதாரணம் 1974ஆம் ஆண்டு நீஸ் நகர ஒலிம்பியாடில் உண்டு: கார்ப்போவ், உன்ட்சிக்கருக்கு எதிராகத் தம் யானையின் வழியிலேயே தம் மந்திரியைக் குறுக்கே அமர்த்தி, அதன் மறைவில் யானைகளைச் சாவதானமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக்கொண்டார். திண்ணையில் இதையே செய்தவரை, வழியை அடைக்கிறான் என்று வைதார்கள்.

எஞ்சியது யானை வைப்பு. யானை எது என்பதே இங்குப் பூர்வபக்ஷம். நம்மவர்க்கு மூலையில் நிற்பது யானை. ருஷ்யரோ நம் மந்திரியை யானை என்றும் மூலைக்காயை ஓடம் என்றும் வழங்குவர். வங்காளத்திலும் மூலைக்காய் நௌகையே. மூலைக்காயே யானை என்பார்க்கு ஆதாரம், வெற்றிலைக் காவி படிந்த ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டை, இடதோரம். மறுப்பார்க்கு ஆதாரம், அதே பஞ்சாங்கம், அதே பின்னட்டை, சுண்ணாம்புக் கறைக்குக் கீழே, எழுத்துக்கூட்டிப் படித்தால். மூன்றாங்கட்சியார் சுண்ணாம்பைச் சுரண்டினர். சுரண்டியதில் அட்டை பொத்தலாயிற்று. அப்பொத்தலே மிகத் தொன்மையான பாடம் என்று இப்போது சாதிக்கின்றனர். பொத்தலின் விளிம்பை ஆராய்ந்து ஒருவர் காலநிர்ணயமும் செய்துவிட்டார். அக்காலம், பஞ்சாங்கம் அச்சேறிய காலத்துக்கு நெடுநாள் முந்தியது. இதனை நகையாடுவதாகக் கருதற்க. இதனினும் சிறிய பொத்தல்களைப் பதிப்பித்தோர்க்குப் பொன்னாடை போர்த்திய சபைகளில் நானும் கைதட்டியிருக்கிறேன்.

யானை எதுவாயினும், அதன் வைப்பிற்குச் சிகரம் 1930, சான் ரெமோ. அங்கே அலேகின் இரு யானைகளை ஒரே வரிசையில் அடுக்கி, அவற்றின் பின்னே ராணியையும் நிறுத்தினார். முடிவில் அவர் செய்ததோ, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்தியதே. எக்காயைத் தொட்டாலும் கெடும் நிலையில் அகப்பட்டிருந்த நிம்சோவிச், அந்த 30ஆம் நகர்த்தலோடு ஆட்டத்தைக் கைவிட்டார். காய்வைப்பைப் பற்றி 'என் முறை' என்று நூலே எழுதியவர் அவர்.

நம் தறிக்காரர் அந்நூலைக் கண்டவரல்லர். தெருவிலே பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, பழம்பாவோடு புதுப்பாவை இழையிழையாகப் பிணைத்து, கோர்வைக் கரைக்கு மறுபுறம் நாடா எறிய ஓர் ஆளையும் உட்கார்த்திய பின்னரே முதல் இழை ஓட்டும் வழக்கமுடையவர், பலகையிலும் அவ்வாறே. சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இருதரப்பும் 50 நகர்த்தல் சென்றால் சமன் கோரலாம் என்பது சர்வதேச விதி. எதிரே இருந்த அவர் மைத்துனர் இதை ஒரு நாள் எடுத்துக்கூறினார்.

“எண்ணினது யாரு மச்சான்?”

ஒருவரும் எண்ணவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இரு யானைகளும் ஒரே வரிசையில் ஏறி, பின்னே ராணியும் வந்து நின்றது. அச்சு அசல் சான் ரெமோ. யான் ஏட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினேன். தறிக்காரர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார், ராணியைத் தொட்டார், தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்றார் மைத்துனர். ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து வைத்தார்.

“இப்பதான் ஒழுங்கா உட்கார்ந்திருக்கு. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் ஐயா” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.