நீலத்திரையியல்: பழுதான டிரைவர்களும் பழி சுமக்கும் அப்பாவிகளும்

1. ஆய்வுப் பொருள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி, சேமிக்காத கோப்பு ஒன்று திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து, திரை முழுக்க நீலம் பூசிக்கொண்டு நின்றுவிடுவதை ஆராயும் துறையே நீலத்திரையியல். 2012இல் வந்த விண்டோஸ் 8 இத்திரைக்கு ஒரு சோக முகத்தைச் சேர்த்தது. 2025இல் மைக்ரோசாஃப்ட் அம்முகத்தை நீக்கித் திரையையும் கறுப்பாக்கிவிட்டதால், துறையின் பெயரே ஆபத்தில் இருக்கிறது. அதுபற்றி அறிஞர்கள் தனியே கூடி அழுதுகொள்ளலாம்.

2. வழக்கிலுள்ள கொள்கைகள்

நம்மூர்ச் சிகிச்சை மரபுகள் மூன்று. முதலாவது மறுதொடக்கவாதம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பது இதன் மூல நூற்பா. உரையாசிரியர் எவரும் தேவைப்படவில்லை. இரண்டாவது அழிப்பான்வாதம். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்து மாட்டினால் தீராத நோயில்லை என்பது இவர்கள் துணிபு. தொடுமுனையில் அழுக்குப் படிந்திருந்தால் இது பலிக்கவும் செய்யும். கோளாறு டிரைவரில், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருளில், என்றால் ரப்பர்தான் தேயும்.

மூன்றாவது ஃபார்மேட்வாதம். "சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, பதில் வருமுன் துடைத்துவிடுவது இதன் நெறி. பிறகு அதே பழைய டிரைவரைப் பென்டிரைவிலிருந்து திரும்ப ஏற்றுவார்கள். ஆகவே நோயாளி தன் கோப்புகளை மட்டும் இழந்து, நோயைப் பத்திரமாகத் திரும்பப் பெறுகிறார்.

3. நோய் முதல்

வேர்டு தவறு செய்தால் வேர்டு மட்டும் சாகும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை போன்றவற்றை இயக்கும் டிரைவர்களில் பல, விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்கு நிகரான அதிகாரத்தோடு ஓடுபவை. அவற்றில் ஒன்று தொடக் கூடாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டால், மிச்சமிருக்கும் தரவும் கெட்டுவிடக் கூடாதென்று விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. ஆக, நீலத்திரை என்பது விபத்தன்று, தற்காப்பு.

இந்நோய்க்கு ஆள் பார்க்கும் பழக்கம் இல்லை. 1998 ஏப்ரலில், சிகாகோவின் காம்டெக்ஸ் மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே, ஒரு ஸ்கேனரை இணைத்ததும் விண்டோஸ் 98 நீலமாயிற்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்புக் கோப்பு ஒன்றில் பிழை. அதைப் படித்த கெர்னல் டிரைவர் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் கணினிகள் கூடவே விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளையும் ரப்பரால் தேய்த்திருந்தாலும் பயனிருந்திராது.

4. பழி விழும் இடம்

விண்டோஸ் நிற்குமுன் தன் மரண வாக்குமூலத்தை எழுதிவைக்கிறது; கணினி மீண்டும் எழுந்ததும் அது சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் 'மினிடம்ப்' என்ற பெயரில் கிடைக்கும். அதைத் திறப்பவர் பலமுறை காணும் பெயர், விண்டோஸ் கெர்னலுக்குரிய 'என்டிஓஎஸ்கெர்னல்'. உடனே, "விண்டோஸே சரியில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வாழைப்பழத் தோலை வீசியவன் தெருமுனை தாண்டிப் போயிருப்பான். வழுக்கி விழுந்தவன்தான் இடத்தில் கிடப்பான். ஒரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டு நகர்ந்துவிட, அடுத்து அங்கே கால் வைத்த கெர்னல் மாட்டிக்கொள்கிறது.

5. விசாரணை நெறி

முதலில், கடைசியாக எதை ஏற்றினோம், எது தானாகப் புதுப்பித்துக்கொண்டது என்று நினைவுகூர்க. சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஓடும். அங்கே கணினி விழாமல் நின்றால் வெளி டிரைவர் மீதான சந்தேகம் வலுக்கும். அடுத்து, மினிடம்பை விண்டிபக் கருவியில் திறந்து அலசச் சொல்க. ஒரே வெளி டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்புக. அல்லது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியான பதிப்பை ஏற்றுக.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால், ரேமைச் சோதித்துவிட்டு, விண்டோஸ் 2000 காலந்தொட்டு உடனிருக்கும் 'டிரைவர் வெரிஃபையர்' என்னும் போலீஸ்காரரை அழைக்கலாம். மைக்ரோசாஃப்டுடையவை அல்லாத டிரைவர்களை மட்டும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அவற்றை வேண்டுமென்றே நெருக்கி, தவறு செய்யும் கணத்திலேயே கையும் களவுமாகப் பிடிப்பார். அதற்காகக் கணினியை மேலும் சிலமுறை சாய்ப்பார். வேலை முடிந்ததும் மறக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுக. கணினி எழவே மறுத்தால் சேஃப் மோடிலிருந்து அனுப்பலாம்.

6. முடிபு

ரேம் சில வேளைகளில் குற்றவாளி, விண்டோஸ் எப்போதாவது, டிரைவர் பெரும்பாலும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஃபார்மேட்டுக்குத் தலையசைக்குமுன் மினிடம்பைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.