ஒரு வசனம் மேலே

கேள்வி: கணவர் எபேசியர் 5:22-ஐக் காட்டி, "நீதான் பணியணும்" என்கிறார். என்ன சொல்ல? (வாசகி, பண்டமாரான்)

பதில்: ஒரு வசனம் மேலே போகச் சொல்லுங்கள், சகோதரி. 21-ஆம் வசனம் பணிவை இருவருக்கும் பொதுவாக்குகிறது. வத்திக்கான் சுவடி போன்ற பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-க்குச் சொந்த வினைச்சொல்லே இல்லை. 21-இடம் கடன் வாங்கியிருக்கிறது. கடன் வாங்கிவிட்டு, கொடுத்தவரை மறக்கலாமா? 25-ஆம் வசனமோ கணவரிடம் உயிரையே கேட்கிறது. இதில் யாருடைய பாரம் பெரிது? போப் இரண்டாம் ஜான் பாலும் 1988 மடலில், இந்தப் பணிதல் இருபக்கமும் என்றே எழுதினார். ஞாயிறு காலை நீங்கள் பாடகர் குழுவுக்குக் கிளம்பும்போது, பிள்ளைகளை அவர் பசியாற வைக்கட்டும். இன்றிரவு குடும்ப ஜெபத்தில் 21-இலிருந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், சத்தமாக.