வேஸ்ட் வாங்க நூற்றெண்பது ரூபாய்

தேவ்நாரில் வீடு என்றால் ஆட்டோக்காரர் முதலில் மூக்கைத்தான் சுளிப்பார். நியாயம்தான். 1927-லிருந்து மும்பை தன் குப்பையை எங்கள் பக்கம் கொட்டிவருகிறது. ஏறி ஏறி இன்று அது மலை. அதனால், மகளின் பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டி என்று வாட்ஸ்ஆப்பில் அறிவிப்பு வந்தபோது, இதற்கு எங்களைவிடத் தகுதியான ஊர் உலகத்தில் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மகள் வந்து நின்றாள். "அப்பா, நூத்தியெண்பது ரூபா குடு. வேஸ்ட் வாங்கணும்."

கோவண்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அதற்கென்றே பை கட்டி வைத்திருந்தார்கள். ஜிகினாத்தாள், புத்தம்புது பிளாஸ்டிக் ஸ்பூன், பசை, எந்த ஐஸும் தொட்டிராத ஐஸ்குச்சி. பழைய சாமான் எடுக்கும் பங்கார்காரருக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய சார்ஜரையும் உடைந்த குடையையும் காட்டினேன். "சுத்தமான வேஸ்ட்தான் கொண்டு வரணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள். பரிசு ஒரு ஸ்பூன் மயிலுக்குப் போனது. தோகையில் ஒரு ஸ்பூன்கூடக் கோணவில்லை. அதைச் செய்த அம்மாவுக்கு என் வாழ்த்துகள்.

பெரியவன் கதை இன்னும் பழையது. 2016 ஜனவரியில் எங்கள் மலை பற்றிக்கொண்டது. நாள்கணக்கில் புகை, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை. நாசாவின் செயற்கைக்கோள் அந்தப் புகையை மேலிருந்து படமெடுத்தது. பள்ளி திறந்ததும் பையன் ஓவிய நோட்டில் வானத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தான். சிவப்பு மையில் பதில் வந்தது: 'ஸ்கை இஸ் ப்ளூ.' நாசா ஒப்புக்கொண்டதை நாலாங்கிளாஸ் டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

பள்ளிகள் கற்பனையைக் கொல்கின்றன என்று மேடையில் முழங்குவது சுலபம். என் கட்சி வேறு. பள்ளிக்குக் கற்பனைமேல் கோபமெல்லாம் கிடையாது. அதைத் திருத்த நேரம்தான் கிடையாது. அறுபது நோட்டுக்கு அறுபது வானமும் நீலமாக இருந்தால்தான் அந்த டீச்சர் ராத்திரி தூங்கமுடியும். சாம்பல் வானம் வந்தால் ஏன் என்று கேட்கவேண்டும், பையன் சொல்வதை உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்குள் பீரியட் மணி அடித்துவிடும்.

குப்பையிலிருந்து நிஜமாகவே ஏதாவது செய்ய முடியும் என்று காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த எஞ்சினியர்; புனேயில் டெல்கோ கம்பெனியில் வேலை. 1978-ல் விடுப்பு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளையும் கோத்து, முக்கோணம் அசையாது, சதுரம் சாயும் என்று கிராமத்துப் பிள்ளைகளின் கையிலேயே புரியவைத்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் பள்ளிப் போட்டிக்கு வந்திருந்தால் ஆறுதல் பரிசாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு பள்ளி நிஜமாகவே வேண்டாம் என்று சொன்ன இன்னொருவர் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண். மைசூரில் பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளை. மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார்; போதிய திறமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அரை நூற்றாண்டு 'காமன் மேன்' வரைந்தார். எல்லோரும் ஜே.ஜே. கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. சிறுவயதில் வாத்தியார் வகுப்பில் இலை வரையச் சொன்னார். லக்ஷ்மண் அரச இலை வரைந்தார். வாத்தியார் அதைப் பார்த்துப் பாராட்டினார். அன்றிலிருந்தே தன்னை ஓவியன் என்று நினைக்கத் தொடங்கியதாக லக்ஷ்மண் பின்னாளில் சொன்னார். அதுவும் பள்ளிக்கூடம்தான். அந்த வாத்தியாருக்கு ஆன செலவு அரை நிமிஷம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கில் ஏன் ரெண்டு மார்க் குறைந்தது என்று கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே, பிள்ளை வரைந்ததில் மிஸ்ஸுக்கு எது பிடித்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.