மார்க்கெட் பயம்

கேள்வி: தன்பாலீர்ப்பாளர் வேடம் போட்டால் நம் ஹீரோக்களின் மார்க்கெட் போய்விடுமா?

பதில்: 2023-ல் 'காதல் தி கோர்' மலையாளப் படத்தில் மம்முட்டி போட்டாரே, போயிற்றா? படத்தைத் தயாரித்ததும் அவர் கம்பெனிதான். கதையில் அவர் இடைத்தேர்தலுக்கு நிற்கிறார். அந்த நேரம் பார்த்து மனைவியாக வரும் ஜோதிகா விவாகரத்து கேட்டு கோர்ட் படியேறுகிறார். கூச்சலில்லை, கேலியில்லை. (தேர்தலிலும் ஜெயித்துவிடுகிறார்!) 1998-ல் இரு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களை அடித்து நொறுக்கிய அதே நாடு இது. கோடம்பாக்கமோ தன்பாலீர்ப்பாளர்களையும் திருநங்கைகளையும் வெகுகாலம் காமெடி டிராக்கிலேயே உட்கார வைத்திருந்தது. அங்கேயும் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி திருநங்கை ஷில்பாவாகச் சேலை கட்டினார். தேசிய விருது வீடு தேடி வந்தது. ரசிகர்கள் தயார். பயப்படுவதெல்லாம் ஹீரோவுக்கு முன்னால் கதை கேட்கும் மேனேஜர்தான்!