பேஸ் அடிக்கும் ஜீப்பு

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இருட்டோடு மலையேறும் ஜீப்புகளில் போய்ப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டி நம்பர் மறந்திருக்கும். எந்த வண்டியில் செட் நன்றாக இருந்தது என்பது மட்டும் மறந்திருக்காது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் ஏறிய அந்த மகிந்திரா ஜீப்புகளில், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களிடமே ஒரு கணக்கு இருந்தது. இந்த வண்டியில் பாட்டு தெளிவாகக் கேட்கும், அந்த வண்டியில் வெறும் இரைச்சல், அதோ அந்தப் பச்சைப் படுதா போட்ட வண்டியில்தான் பேஸ் அடிக்கும். கூலி எல்லாத் தோட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றிருந்த காலத்தில், எந்த ஜீப்பில் ஏறுவது என்பதைப் பாட்டுதான் பல நாள் தீர்மானித்தது.

அந்தப் பேஸ் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஜீப்புக்குக் கதவு கிடையாது. பக்கத்தில் படுதா, மேலேயும் படுதா, வளைவுக்கு வளைவு ஏற ஏறப் பனியும் காற்றும் உள்ளே வந்து போகும். டேஷ்போர்டுக்குக் கீழே இரும்புப் பட்டையில் தொங்கும் கேசட் டெக், அதற்கடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஏறி இறங்கும் ஈக்வலைசர் பூஸ்டர், பின்பக்கத்துப் பலகைக்கு அடியில் ஒரு பிளைவுட் பெட்டி, அவ்வளவுதான் சரக்கு. பூஸ்டரைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் சான்யோவின் 4440 ஐ.சி. இருக்கும். வண்டி பேட்டரியில் ஒரு பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் போட்டுச் சேர்த்தால் 19 வாட். இப்போது விற்கிற பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த 19 வாட்டுக்கு மலையே கூட வந்து பாடியது நினைவுக்கு வரும்.

கம்பத்தில் டேப்ரெக்கார்டர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பொழுது. “வாட்டைக் கூட்டுறது பெரிய வேலையில்ல தம்பி, காத்து ஒழுகாமப் பாத்துக்கணும்” என்பார். பெட்டியின் மூட்டுகளில் மரத்தூளையும் ஃபெவிக்காலையும் குழைத்துப் பூசுவார். ஸ்பீக்கரின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைப்பார். பிறகு பாட்டை ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியைப் பெட்டியைச் சுற்றிக் கொண்டுபோவார். எங்கே புகை உதறுகிறதோ அங்கே ஓட்டை. கடைசியில் போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சைப் பிய்த்து உள்ளே போடுவார். பஞ்சு போட்டால் சின்னப் பெட்டி கொஞ்சம் பெரிய பெட்டியைப் போல வேலை செய்யும். ஏன் என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை, காது இருந்தது. உள்ளே அமுங்கும் காற்றின் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் காற்று இன்னும் இளகிக் கொடுக்கிறது என்பதை நான் எத்தனையோ காலம் கழித்துத்தான் படித்தேன்.

உங்கள் வீட்டிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் எதிர்வீட்டில் வைத்திருந்ததைப் பொறாமையோடு பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே சூத்திரம்தான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது, 40 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை மீட்டர். அது சுலபமாக விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வந்து, முன்னால் இருப்பதை அழித்துவிடும். பின்காற்றைச் சிறைபிடித்தால் பேஸ் தங்கும். பானையும் பெட்டியும் செய்தது அதைத்தான்.

பேஸ் மேல் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இவ்வளவு பித்து ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் மெட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’க்குப் பிறகு, அதுவரை தாளத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடந்த பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு நடை கொடுத்துவிட்டார். பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் இன்னொரு வழியில் படியிறங்கிப் போய்ச் சரியாகப் பல்லவியில் வந்து சேரும். ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக்கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய 90 நிமிடக் கேசட்டில், அந்த நடையைப் பின்தொடர்வதற்காகவே ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறோம். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஜீப்பின் பெட்டி அவ்வளவு கீழே இறங்கியிருக்க வழியே இல்லை. ஆனாலும் நாங்கள் கேட்டோம். 82, 123 என்று அதன் மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்கவேண்டிய 41ஐ மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. பாதிப் பேஸை ஸ்பீக்கர் வாசித்தது, மீதியை எங்கள் ஆசை வாசித்தது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அக்கா மகன் கார் வாங்கியிருக்கிறான். மெட்டுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் ஏலம் போட்டிருப்பதால், புற்றடிக்கும் போடிக்கும் ஏலச் சந்தைக்குப் போக வேண்டும், டிக்கியில் சாக்கு வைக்க இடம் வேண்டும். அதனால் சப்-ஊஃபர் வைக்க வழியில்லை. “மாமா, பேஸே இல்ல. திரையில எல்லாத்தையும் மேல ஏத்தி வெச்சும் கரகரங்குது” என்றான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அவனிடம் முதலில் சொன்னது, 40 ஹெர்ட்ஸை ஏற்றாதே என்பதுதான். கதவில் இருப்பது ஆறரை அங்குல ஸ்பீக்கர். ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் ஓடவேண்டும். திரையில் 10 டெசிபெல் ஏற்றினால் பத்து மடங்கு வாட் கேட்கும். பாவம், அதனிடம் இரண்டும் கிடையாது. 60 ஹெர்ட்ஸ் வாக்கில் வடிகட்டியைப் போட்டுக் கீழே இருப்பதை வெட்டிவிட்டு, 80க்கும் 100க்கும் நடுவில் லேசாகத் தூக்கி, 250ஐச் சுற்றிக் கொஞ்சம் இறக்கியதும் பாதிக் கரகரப்பு போனது. ஆனால் அது பெயின்ட் வேலை. சுவர் வேலை கதவுக்குள் இருந்தது.

கதவின் உள்பலகையைக் கழற்றினோம். கை நுழைகிற அளவு ஓட்டைகள், மேலே கிழிந்துபோன பிளாஸ்டிக் தாள். ஜீப்புக்குக் கதவே இல்லாத குறையோடு எங்கள் அண்ணன் பெட்டி அடைத்தார். கதவுள்ள காரில் கம்பெனியே ஓட்டை விட்டு அனுப்பியிருக்கிறது! ஓட்டைகளை அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் மூடினோம். வெளித்தகட்டின் உள்பக்கத்திலும் ஒட்டியதில் தகரச் சத்தம் அடங்கியது. ஸ்பீக்கரின் பின்னால் மர வளையம், வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் நுரைப்பட்டை. பஞ்சு வைக்கலாமா என்றான். கூடாது. கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியே தீரும். இடுக்கி மழையில் பஞ்சு ஊறிக் கிடந்தால் கதவு துருப்பிடித்துவிடும். அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் தொடவே கூடாது.

பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரி கட்டையை ஒயர் முனையில் தொட்டுப் பார்த்தோம். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் சேர்ந்தால் கூம்பு வெளியே வரும். வலது கதவில் வந்தது, இடது கதவில் உள்ளே போனது. எங்கோ யாரோ ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறார்கள்; ஒன்று தள்ளுவதை மற்றொன்று இழுத்துக்கொண்டிருந்தால் எந்த ஈக்வலைசர் என்ன செய்யும்? மாற்றிக் கொடுத்ததும் காருக்குள் ஆள் வந்து உட்கார்ந்ததுபோல பேஸ் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநரின் காதுக்கு இடது கதவு அரை மீட்டர் கூடுதல் தூரம் என்பதால், வலது ஸ்பீக்கரை ஒன்றரை மில்லி செகண்ட் தாமதிக்க வைக்கத் திரையிலேயே வசதி இருக்கிறது. அதைச் செய்தபோது பாடகி ஸ்டியரிங்குக்கு நேராக வந்து நின்றாள். இதெல்லாம் அண்ணன் பார்த்திருந்தால் ஊதுபத்தியைக் கீழே போட்டிருப்பார்.

மூடிய கார் இன்னொரு வரத்தையும் இலவசமாகத் தருகிறது. கார் உள்ளறையைவிட நீளமான அலைகள் வரும்போது, அறை முழுவதும் ஒரே அழுத்தமாகி, தாழ்ந்த ஒலி தானாகவே பெருகும். கண்ணாடியை இறக்கினால் அந்தப் பெருக்கம் வெளியே ஓடிவிடும். படுதா ஜீப்புக்கு இது ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும்போது ஏலப்பூ வாசனையும் வெளியே நின்றுவிடுகிறது. பேஸுக்கும் வாசனைக்கும் நடுவில் எதை விடுவது என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்குத் தடுமாற்றம்.

ஜீப்புகள் இன்னும் ஏறுகின்றன. பெண்கள் இன்னும் நெருக்கியடித்துத்தான் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். அவற்றில் பேஸுக்குக் குறைவே இல்லை, காதோடு ஒட்டிச் சின்ன இடத்தை அடைத்துக்கொள்வதால் எங்கள் பெட்டியைவிட ஆழமாகவே இறங்கும். அன்றைக்கு ‘ஏ’ பக்கம் முடிந்து கேசட் டொக்கென்று நிற்க, டிரைவர் கொண்டை ஊசி வளைவில் இடதுகையால் அதைப் புரட்டிப் போடும்வரை, பாதியில் நின்ற வரியை வண்டி முழுவதும் சேர்ந்து பாடி முடிக்கும். அந்தப் பாட்டை எந்த டியூனிங்கிலும் என்னால் திரும்ப வரவழைக்க முடியவில்லை. அதற்கு 19 வாட்டும் போதாது, 19 ஆயிரமும் போதாது.

அக்கா மகனின் கார் ஊருக்குள் பேச்சாகிவிட்டது. நெடுங்கண்டத்திலிருந்து அவனுடைய சிநேகிதன், தாத்தா ஓட்டிய அம்பாசிடரைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அம்பாசிடரின் பின்தட்டில் ஓவல் ஸ்பீக்கர் இரண்டைப் பதித்தால் டிக்கி முழுவதும் பெட்டிதான்; சீட்டு முதுகுக்கும் டிக்கிக்கும் நடுவில் உள்ள சந்துகளை மட்டும் அடைக்கவேண்டும். மழைக்கு முன்னால் வந்துவிடு என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற பழைய சைக்கிளின் டியூபைக் கழற்றி வைத்திருக்கிறேன்.