கரடுமுரடர்

வான்கூவர் நகரத்திலிருந்து வடக்கே பார்த்தால், பரார்ட் கடற்கழிக்கு அப்பால், சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள் வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சரிவுகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையைக் குடித்துக் கொழுத்த சீடார் மரங்களுக்கும் ஹெம்லாக் மரங்களுக்கும் அடியில், வேரும் பாறையும் சேறுமாக, மனிதன் நடந்து போகவே இருமுறை யோசிக்கவேண்டிய செங்குத்தான வழிகளில், சைக்கிளில் உட்கார்ந்து இறங்குவதையே ஜன்ம சாபல்யமாகக் கருதும் ஒரு ஜனசமூகம் உண்டு. அதில் மாணவர்கள் இருக்கிறார்கள், தாய்மார்கள் இருக்கிறார்கள், பல் வைத்தியர்கள்கூட இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விழுவார்கள், எழுவார்கள், வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிப்பார்கள். நான் சொல்ல வந்தது, ஐம்பதைத் தாண்டிய வயதில், நரைத்த தாடியும் முழங்கால் கவசமுமாக, எந்தப் பாதையின் எந்தத் திருப்பத்திலும் எதிர்ப்படக்கூடிய கரடுமுரடரைப் பற்றி.

பாதை என்றால் அது போகிறவனைத் தடுக்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். வேர் இருக்கவேண்டும், அந்த வேர் நனைந்திருக்கவேண்டும், நனைந்த வேர் பாதைக்கு நேர்க்குறுக்காகக் கிடந்து ஓட்டுகிறவனுக்குச் சலுகை காட்டாமல், சற்றே சாய்வாகக் கிடந்து, முன்சக்கரத்தை ஏந்தி ஒரு பக்கமாக அனுப்பிவைக்கவேண்டும். யாராவது ஒரு புண்ணியவான் அப்படிப்பட்ட வேரை அறுத்து அப்புறப்படுத்திவிட்டால், கரடுமுரடருக்கு அன்றைக்கு ஆகாரம் இறங்காது. அந்த இடம் வந்ததும் பிரேக்கைப் பிடித்து, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘இங்கே ஒரு வேர் இருந்தது’ என்பார். கூட வந்த இளைஞன், ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காக, ‘பெரிய வேரா?’ என்று கேட்டுவிடுவான்.

‘பெரிசு சின்னது என்பதெல்லாம் பேச்சில்லை, தம்பி. யோக்கியமான வேர். இருபது வருஷம் ஒரே இடத்தில் கிடந்து, வந்தவன் போனவன் அத்தனை பேரையும் பாரபட்சமில்லாமல் கீழே தள்ளிற்று.’

அவருக்கு இந்த மனப்பான்மை வந்ததற்குச் சரித்திர காரணம் இல்லாமல் இல்லை. நார்த் ஷோர் எனப்படும் இந்த மலைகளில் சைக்கிள் பாதைகள் உருவாகத் தொடங்கியது 1980களில். தரை முழுதும் சதுப்பும் சாய்ந்த மரங்களுமாக இருந்ததால், சீடார் கட்டைகளைப் பிளந்து, ஏணியின் பழுக்களைப்போல் நெருக்கமாக அடித்து, சேற்றின்மேல் பாலம் போட்டார்கள். ஈரத்தில் டயர் வழுக்காமலிருக்கக் கோழிக்கூண்டுக் கம்பிவலையை அதன்மேல் விரித்தார்கள். சேற்றைத் தாண்டுவதற்காகப் பிறந்த அந்தப் பாலம், காலக்கிரமத்தில் சேற்றோடு சகல சம்பந்தத்தையும் துறந்து, ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி, டயரின் அகலத்துக்குக் குறுகி, நடுவழியில் ஒரு சீசாப் பலகையையும் வைத்துக்கொண்டு, காட்டின் நடுவே காரணமின்றி அந்தரத்தில் திரியலாயிற்று. ‘டிக்கர்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட டாட் ஃபியாண்டர், இத்தகைய பாலங்களைக் கட்டியதோடு திருப்தியடையாமல், அவற்றில் ஓட்டுகிறவர்களையும் அவற்றிலிருந்து விழுகிறவர்களையும் படம் பிடித்து, ‘நார்த் ஷோர் எக்ஸ்ட்ரீம்’ என்ற வீடியோ வரிசையாக உலகத்துக்கு அளித்தார். ‘டேஞ்சரஸ்’ டான் கவன் என்பவர் ஃப்ரோம் மலையில் கட்டிய பாதைக்கு ‘ஃப்ளையிங் சர்க்கஸ்’ என்று பெயர்; பெயரில் மிகை ஒன்றும் கிடையாது. அந்த உயரமான பாலங்களில் பெரும்பாலானவை இன்று மக்கிப் போய்விட்டன, அல்லது கழற்றப்பட்டுவிட்டன. மழை நாட்டில் மரவேலைக்கு ஆயுள் குறைவு.

கரடுமுரடருக்கு அதுதான் கிருதயுகம். அந்த யுகத்தில் தாமும் இருந்ததற்கு அவர் புகைப்படம் எதையும் காட்டுவதில்லை. தம் சரீரத்தையே சாசனமாகக் காட்டுகிறார். இடது காறையெலும்பு ‘லேடீஸ் ஒன்லி’யில் போயிற்று. (பெயரைக் கேட்டு ஏதோ மிருதுவான பாதையென்று நம்பி இறங்கிவிடாதீர்கள்; அது கடினம் என்று எச்சரிக்கும் கறுப்பு வைரக் குறி போட்ட பாதை.) வலது மணிக்கட்டு ‘பைப்லைன்’ பாதையில். முழங்காலின் விருத்தாந்தம் மட்டும் நீளமானது. அதில் ஒரு கரடி வருகிறது. கரடிக்கும் முழங்காலுக்கும் நேர் சம்பந்தம் உண்டா என்று கேட்டவர்கள் இன்றுவரை விடை பெற்றதில்லை. காரணம், கதை அந்த இடத்துக்கு வருவதற்குள் கேட்கிறவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

சைக்கிள் விஷயத்தில் அவருடைய அபிப்பிராயங்கள் இன்னும் திடமானவை. அந்தக் காலத்தில் பின்புறம் சஸ்பென்ஷன் கிடையாது, பிரேக் சக்கர விளிம்பைப் பிடித்தது, அதுவும் மழை பெய்தால் பிடிக்காது, சக்கரம் 26 அங்குலம். இந்தக் காலத்தில் 29 அங்குலச் சக்கரம், திரவ அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் தாழ்ந்து கொடுக்கும் இருக்கை. ‘இப்போது மனிதன் எங்கே ஓட்டுகிறான்? சைக்கிள் அவனை அழைத்துக்கொண்டு போகிறது’ என்று அவர் தமது விமர்சனத்தை முடிக்கும்போது, அவருக்குக் கீழேயும் ஒரு 29 அங்குலச் சக்கர சைக்கிள்தான் நின்றுகொண்டிருக்கும் என்பதையும், அதன் விலையில் ஒரு நடுத்தரப் பழைய கார் வாங்கலாம் என்பதையும் பண்புள்ளவர்கள் பிரஸ்தாபிப்பதில்லை. வைத்தியர் சொன்னதற்காக வாங்கினேன் என்பார். எலும்பு வைத்தியர்கள் சைக்கிள் ரகம் குறித்துக் கொடுக்கும் வழக்கம் கனடாவில் உண்டோ என்னவோ!

ஆனால் அவருடைய மனத்தை உண்மையில் புண்படுத்துவது சைக்கிள் அல்ல. ‘பாப்ஸ்லெட்’ போன்ற புதிய பாதைகள்தான். ஃப்ரோம் மலையில் இருக்கும் அந்தப் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் வெளிவிளிம்பை உயர்த்தி மண்ணால் கரை கட்டியிருக்கிறார்கள். இடையிடையே அலை அலையாக மேடுகள். பெடலை மிதிக்காமலே, பிரேக்கை அதிகம் தொடாமலே, பத்து வயதுக் குழந்தை கூவிக்கொண்டு இறங்கிவிடும். எருமேலியிலிருந்து பெரிய பாதையில் காட்டு வழியாக நடந்தே போய்ப் பழகிய குருசாமி, பம்பை வரைக்கும் பஸ்ஸில் வந்து இறங்கும் கன்னிசாமியைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையைத்தான் கரடுமுரடர் அந்தக் குழந்தையின்மேல் செலுத்துகிறார். குழந்தைகளிடத்தில் அவருக்குத் துவேஷம் கிடையாது. சிரித்துக்கொண்டே இறங்குகிறார்களே என்பதுதான் ஆட்சேபம். அவர் காலத்தில் மலையிலிருந்து இறங்கியவன் முகத்தில் சிரிப்பு இருந்தால், அவனுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய மகாபாதகம் ஒன்று உண்டு. கடினமான பாறை இறக்கம் ஒன்று வந்ததும், பயந்த சுபாவமுள்ள ஒருவன் அதைச் சுற்றிக்கொண்டு செடிகளின் நடுவே போகிறான்; அவன் டயர்த் தடத்தைப் பார்த்து அடுத்தவன் போகிறான்; ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அங்கே சுகமான ஒரு சுற்றுவழி ஏற்பட்டு, செழித்து வளர்ந்திருந்த பெரணிச் செடிகளெல்லாம் மிதிபட்டு, ஒன்றரை அடிப் பாதை ஏழடிச் சேற்றுக்குளமாகிவிடுகிறது. கரடுமுரடர் சாயங்காலம் தனியாக வந்து, எங்கிருந்தோ ஒரு மரக்கட்டையை இழுத்துவந்து, அந்தச் சுற்றுவழியின் வாயில் போட்டு, மேலே பெரணித் தழையையும் பாசியையும் பரப்பி, பத்து வருஷமாக அது அங்கேயே கிடந்ததுபோல் ஜோடித்துவிட்டுப் போவார். மறுநாள் அதற்கும் ஒரு சுற்றுவழி ஏற்பட்டிருக்கும். அன்று சாயங்காலம் இன்னொரு கட்டை வரும். இந்தத் துவந்த யுத்தத்தில் எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தைக் கண்ணால் கண்டது கிடையாது.

அவருக்கென்று ஓர் இரகசியப் பாதையும் இருக்கிறது. ஆதி நாளில் இந்த மலைப் பாதைகள் பலவும் ஒருவரிடமும் அனுமதி கேளாமல் பிறந்தவையே. 1997இல் நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம் ஏற்பட்டபிறகுதான் நில உரிமையுள்ளவர்களோடு பேசி, அனுமதி பெற்று, முறைப்படி பராமரிக்கும் ஏற்பாடு படிப்படியாக வந்தது. கரடுமுரடர் சங்கத்தை மதிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டுக்குத் தவறாமல் போகிறார். இருந்தாலும் பழைய வாசனை விடவில்லை. இரகசியப் பாதையின் முதல் இருபதடியை அவர் வெட்டவே மாட்டார். அது சாதாரணப் புதராகவே இருக்கும். உள்ளே புகுந்து போனால்தான் வழி ஆரம்பமாகும். அதன் இருப்பிடத்தை உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்று அவர் அநேகமாகச் சந்தித்த அத்தனை பேரிடத்திலும் சொல்லியிருப்பதால், அப்படி ஒரு பாதை இருக்கிறதென்பது மலையடிவாரத்துக் காப்பிக் கடை முழுவதற்கும் தெரியும்.

இவ்வளவும் கேட்டபிறகு, மழை கொட்டுகிற கார்த்திகை மாதத்து முற்பகலில், பாதையோரத்தில் மண்வெட்டியோடு குனிந்திருக்கும் அவரைப் பார்க்கிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். மற்றவர்கள் ஓட்டுவதற்கு வெயில் நாளைத் தேடுகிறார்கள். இவர் வேலைக்கு மழை நாளைத் தேடுகிறார். மழையில்தான் தண்ணீர் எங்கே புகுந்து எங்கே நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி, அது முழுக்க முழுக்க நியாயம். மலைப்பாதைக்கு எமன் டயர் அல்ல, தண்ணீர். பாதையின் நீளவாட்டில் அதை ஓடவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகிவிடும், குறுக்கே வெளியேற்றிவிட்டால் பல வருஷம் நிற்கும். மேலே கிடக்கும் மக்கிய இலைமண் பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆதலால், அதை வாரி எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் பழுப்பு மஞ்சள் கனிமமண்ணைத் தோண்டி வாளி வாளியாகச் சுமந்துவந்து கொட்டித் திமிசு போடவேண்டும். அந்த மண்ணுக்குப் பாதை வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் தங்கம். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தோண்டவும் வேண்டும், தோண்டாதவன் ஓட்டக்கூடாது என்பது அந்த மலைகளின் எழுதாத சட்டம்.

வேரைப் புகழ்ந்தவர்தான் இப்போது வேரைச் சுற்றிக் கல் பாவிக்கொண்டிருக்கிறார். சேற்றைப் பாடியவர்தான் சேற்றுக்கு வடிகால் வெட்டுகிறார். சுட்டிக்காட்டினால், ‘கஷ்டம் வேறு, அசுத்தம் வேறு’ என்பார். அவர் தம் வாழ்நாளில் சொன்ன வாக்கியங்களில் மிகச் சிறியதும், எனக்குச் சம்மதமானதும் அது ஒன்றே.

அவர் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒருவன் குப்புற விழுந்தால், முதலில் ஓடுகிறவரும் அவர்தான். பையில் கட்டுத்துணி இருக்கும். 1965 முதல் தொண்டர்களைக்கொண்டே இயங்கிவரும் நார்த் ஷோர் மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரோடு வரும்வரையில், விழுந்தவனின் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து, தம்முடைய மேல்சட்டையை அவன்மேல் போர்த்தி, முழங்கால் விருத்தாந்தத்தைக் கரடியோடு சேர்த்து ஆதியோடந்தமாகச் சொல்லுவார். எழுந்து போக முடியாத நிலையில் இருப்பவர்கள்தான் அந்தக் கதையை முழுக்கக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உறவினர் வீட்டுக்கென்றோ உத்தியோகத்துக்கென்றோ வான்கூவர் பக்கம் போகிறவர்கள், மழை நாளில் ஃப்ரோம் மலையடிவாரத்தில் இத்தகைய ஒருவரைக் கண்டால், புதிய பாதைகள் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். முழங்காலைப் பற்றியும் விசாரிக்கவேண்டாம். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு வாளியை நீட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். மண் கனமாகத்தான் இருக்கும்.