எந்தப் பைத்தான்?

பேரன்மாருக்கெல்லாம் தாத்தாவின் பெயரையே வைக்கும் வழக்கமுள்ள கூட்டுக்குடும்பத்தில், முற்றத்தில் நின்றுகொண்டு "சுப்பிரமணியா!" என்று ஒரு குரல் கொடுத்தால், கடைக்குப் போகவேண்டிய சுப்பிரமணியனைத் தவிர மற்ற சுப்பிரமணியன்களெல்லாம் ஓடிவந்து நிற்பார்கள். பைத்தான் என்னும் கணினி மொழியைக் கொண்டு ஓர் இணையதளம் அமைக்க முற்படும் கிருகஸ்தன் எவனுக்கும் சம்பவிக்கும் சங்கடம் இதுவே. கணினியில் பைத்தான் இல்லாமையால் வரும் துன்பம் சொற்பம். பல பைத்தான்கள் இருப்பதால் வரும் துன்பமோ அநந்தம்.

நான் நாடியது ஜாங்கோவை. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு தினசரிப் பத்திரிகையின் காரியாலயத்தில், ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர், பத்திரிகைத் தொழிலுக்கே உரிய அவசரங்களுக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு 2003-ல் உருவாக்கத் தொடங்கியதும், 2005-ல் உலகத்தாருக்கு இலவசமாக வெளியிடப்பட்டதுமான, இணையதளம் அமைக்கும் சாதனம் அது. அதற்குச் சூட்டிய பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார் வித்வானுடையது. தீ விபத்தில் இடக்கை வெந்து இரண்டு விரல்கள் முடங்கிப்போன பின்னர், எஞ்சிய விரல்களைக் கொண்டே சபையோரை மெய்ம்மறக்கச் செய்த மகாநுபாவர் அவர். இரண்டே விரல்களால் தட்டச்சு செய்கிறவனாகிய எனக்கு அவரிடம் ஒரு பந்துத்துவம் தோன்றியது இயற்கைதான். கெடுவுக்குள் வேலையை முடித்தாகவேண்டிய பரிபூரணவாதிகளுக்காக ஏற்பட்டது ஜாங்கோ என்று அதன் கர்த்தாக்கள் விளம்பரம் செய்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்குக் கெடு ஏது? பரிபூரணமோ, என் வீட்டார் இதுவரை என்மீது சுமத்தாத குற்றம்.

நிரல் எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. ஐடிஇ என்பார்கள். எழுதும் இடம், ஓட்டும் பொத்தான், பிழை காட்டும் பகுதி, டெர்மினல் என்ற கறுப்புப் பலகை யாவும் ஒரே திரையில் அமைந்த சமஸ்தானம் அது. நான் உபயோகித்ததன் பெயர் வேண்டாம். அந்த ஜாதி முழுவதற்கும் பொதுவான சுபாவத்துக்கு ஒன்றை மட்டும் தூற்றுவது நியாயமன்று. அதன் டெர்மினலில் ஜாங்கோவை இன்ஸ்டால் செய்யும் கட்டளையைப் பிறப்பித்தேன். ஜாங்கோ ஏற்கெனவே ஸ்தாபிதமாகியிருக்கிறது, திருப்தியாயிருக்கவும் என்ற பாவனையில் விடை வந்தது. பரம திருப்தியோடு மேலே இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஜாங்கோ என்று ஒரு மாட்யூலே கிடையாது என்று செந்நிறத்தில் பதில் வந்தது. ஒரே திரையில், ஒரு சாண் இடைவெளியில், ஒன்று உண்டென்றும் மற்றொன்று இல்லையென்றும் சாதிக்கக் கண்டவன், ஆஸ்திக நாஸ்திக வாதம் இத்தனை நூற்றாண்டுகளாக ஏன் முடிவுறவில்லை என்பதை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மாமா, நீங்க இன்ஸ்டால் பண்ணினது ஒரு பைத்தான்ல. ரன் ஆகறது வேற பைத்தான்ல" என்றான்.

"ஏண்டா அப்பா, ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பைத்தான்?"

"தேடிப் பார்த்தா மூணாவது இருக்கும் மாமா."

அவன் சொன்னது மிகையன்று. என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். லினக்ஸ் தன் சொந்தக் காரியங்களுக்காக ஒரு பைத்தானை வைத்துக்கொண்டிருக்கிறது. அதில் கண்டதையும் ஏற்றினால் கணினியின் சொந்த உபகரணங்களே நிலைகுலையக்கூடும். ஆகையினால் அண்மைக் காலத்து லினக்ஸ் வகைகள் பல, அந்தப் பைத்தானுக்குள் எதையும் நேரடியாக ஏற்ற அனுமதிப்பதில்லை. மீறியே தீருவேன் என்கிற பிடிவாதக்காரர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் "பிரேக் சிஸ்டம் பாக்கேஜஸ்", அதாவது கணினியை உடைத்துக்கொள்! இவ்வளவு சத்தியசந்தமான பெயரை நான் எந்தக் கடன் பத்திரத்திலும் எந்த மருந்துச் சீட்டிலும் கண்டதில்லை.

இந்த ஆபத்தைத் தவிர்க்கவே 2012-ல் வெளிவந்த பைத்தான் 3.3 முதற்கொண்டு வென்வ் என்ற ஏற்பாடு மொழியோடு கூடவே வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டரில் ஒரு தனிப் பைத்தான். அதற்கென்று தனிச் சரக்கு. அந்த ஃபோல்டரை ஆக்டிவேட் செய்வது என்று ஒரு சடங்கு உண்டு. ஏதோ பிராணப் பிரதிஷ்டை நடப்பதாக எண்ணிவிட வேண்டாம். கட்டளைகளைத் தேடும் இடங்களின் ஜாபிதாவில் அந்த ஃபோல்டரின் முகவரியை முதலில் எழுதிவைப்பதுதான் அதன் தாத்பரியமெல்லாம். அதுவும் அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டுமே செல்லுபடியாகும். நான் அந்தச் சடங்கைச் செய்திருந்தது டெர்மினலில். பச்சைப் பொத்தானோ டெர்மினலைக் கலந்து ஆலோசிக்கும் வழக்கமில்லாத சுயேச்சாதிகாரி. யாரும் கேட்காமலே தானாக ஒரு பைத்தானை, அதாவது லினக்ஸின் சொந்தப் பைத்தானை, வரித்துக்கொண்டு அதையே ஓட்டிக்கொண்டிருந்தது.

ஜாங்கோவின் நேர்மையை இங்கே சிலாகிக்க வேண்டும். மேனேஜ் என்ற அதன் தலைமைக் கோப்பு, ஜாங்கோ அகப்படாதபோது வெறுமனே கூச்சலிடுவதில்லை. ஸ்தாபித்தது நிச்சயந்தானா, வெர்ச்சுவல் என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்ய மறந்துபோயிற்றா என்று, குடும்ப டாக்டரைப்போல் விசாரிக்கிறது. செந்நிற எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாம்தான் அந்தக் கடைசி வரி வரையில் வாசிப்பதில்லை.

"மாமா, கீழே வலது மூலையில இன்டர்பிரட்டர்னு ஒண்ணு தெரியுதா? அதைக் கிளிக் பண்ணி, வென்வ்னு முடியறதைத் தேர்ந்தெடுங்க. சந்தேகமா இருந்தா, சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்னு ஒரு வரி பிரிண்ட் பண்ணுங்க. ஓடற பைத்தானோட முழு முகவரியும் வந்துடும்."

வந்தது. நிரலில் ஜாங்கோவின் பெயருக்கடியில் நெளிந்துகொண்டிருந்த சிவப்புக் கோடும் அக்கணமே அந்தர்த்தானமாயிற்று. பிற்பாடு 8000 என்ற போர்ட்டில், ராக்கெட் ஒன்று கிளம்பும் படத்தோடு வாழ்த்துரைப் பக்கமும் பிரசன்னமாயிற்று. ஐடிஇ-க்களைச் சிருஷ்டிக்கும் புண்ணியவான்கள், ஒரு மூலையில் பொடியெழுத்தில் ஒளித்துவைத்திருக்கும் அந்த இன்டர்பிரட்டரின் முகவரியைப் பச்சைப் பொத்தானின் மேலேயே பெரிதாக எழுதிவைத்தால், தேசத்தில் எத்தனையோ மாமாக்களின் ரத்த அழுத்தம் சமனப்படும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை பிரயத்தனமும் எதற்கென்றால், என்னிடம் இரவல் வாங்கிப் போனவர்களின் பெயர், புத்தகம், தேதி, நேரம் ஆகியவற்றைப் பதிந்துவைப்பதற்கு. அதிலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. காலை ஏழு மணிக்கு, காபி அருந்திவிட்டுச் சாவகாசமாகப் புத்தகம் எடுத்துச்சென்ற நண்பர், நள்ளிரவு 1.30 மணிக்கு எடுத்துச்சென்றதாகத் திரை அறிவித்தது. ஜாங்கோ புதிய தளம் ஒவ்வொன்றுக்கும் சர்வதேசப் பொதுநேரத்தையே வைத்துத் தருகிறது. இந்திய நேரமோ அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுவது. செட்டிங்ஸ் கோப்பில் "ஏஷியா/கொல்கத்தா" என்று மாற்றியதும் நண்பர் திருட்டுப் பட்டத்திலிருந்து விடுதலையானார்.

இப்பொழுது பதிவேடு சரிவர நடைபெறுகிறது. "திரும்பி வந்தவை" என்ற பகுதியை மட்டும் இன்னும் சோதித்துப் பார்க்க இயலவில்லை. ஆகையால், இதை வாசிக்கும் அன்பர்களில் எவரேனும் என் புத்தகத்தை வைத்திருந்தால், ஒன்றையாவது கொண்டுவந்து கொடுக்கும்படி வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன். காபி உண்டு.